விளக்கொளியில் ஒரு முகம்

நண்பகல் வெயிலில் நின்றவர் திடீரென இருண்ட அறையொன்றினுள் நுழைந்தால், முதலில் அவருக்கு ஒன்றும் புலப்படுவதில்லை. சிறிது பொறுத்து நின்றாரேல், மூலையிற் கிடக்கும் பாயும், அப்பாயில் அமர்ந்திருக்கும் பாட்டியும், சுவரில் தொங்கும் சுவாமி படமும் ஒவ்வொன்றாகத் தோன்றத் தொடங்கும். வெயிலில் 2 மில்லிமீற்றர் அளவிற்குச் சுருங்கியிருந்த கண்மணி, இருளில் 7 மில்லிமீற்றர் வரையும் விரிந்து, அங்குள்ள சிற்றொளியை எல்லாம் வாரிக்கொள்கின்றது. கண் தானே செய்யும் இவ்வேலையைக் கண்ணாடியைக் கொண்டு செய்விக்க மனிதன் பட்ட பாடு கொஞ்சமன்று. புகைப்படக் கலையின் வரலாற்றிற் பெரும்பகுதி அந்தப் பாட்டின் வரலாறே என்று கூறினும் அது மிகையாகாது.

நாம் தொழிலால் ஆசிரியர். பாடசாலை மணி அடித்து ஓய்ந்த பின்னர் கமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்படும் வழக்கமுடையோம். கோயிற் கொடியேற்றம், கடற்கரை, சந்தை, சுண்ணாகத்துப் பேருந்து நிலையம் என்று கால் போன போக்கிலே திரிந்து படம் எடுத்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. இதனை அறிந்த மாணவர் சிலர் அடிக்கடி எம்மைச் சூழ்ந்துகொள்வர். அவர்கள் கேட்கும் வினாக்களுள் முதலிடம் பெறுவது பெரும்பாலும் ஒன்றே. “சேர், எஃப் 1.2 வில்லை ஒன்று வாங்கினால், எங்கடை படமும் பெரிய ஆக்களின்ரை படம் மாதிரி வருமோ?” என்று கேட்பர். ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் விடையிறுத்துவிட்டுப் போவதற்கு உரிய வினா அன்று இது. ஆதலின் அவ்விடையைச் சற்று விரித்து, குடும்பத்தாரும் மாணவரும் ஒருங்கே படிக்கும் இப்பகுதியில் எழுதத் துணிந்தோம்.

‘வேக வில்லை’ என்னும் பெயரைக் கேட்டவுடன் அது ஏதோ விரைந்து ஓடும் பொருள் என்று எண்ணிவிடலாகாது. வில்லை ஓடுவதில்லை. அது கூடுதலான ஒளியை உள்ளே விடுகின்றது. அதனால் ஷட்டர் என்னும் கதவு விரைவாகத் திறந்து மூட முடிகின்றது. அவ்வளவே வேகம். ஒரு வில்லையின் குவியத் தூரத்தை அதன் துவாரத்தின் விட்டத்தால் வகுக்க வருவதே எஃப் எண் எனப்படுவது. 50 மில்லிமீற்றர் குவியத் தூரமுள்ள வில்லையின் துவாரம் 25 மில்லிமீற்றர் விட்டமுடையதாயின் அது எஃப் 2. வகுத்து வரும் எண்ணாகையால், எண் சிறுக்கத் துவாரம் பெருக்கும். 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று கமராவிற் பொறித்திருக்கும் வரிசையிலே ஒவ்வொரு படி ஏறும்போதும் ஒளி பாதியாகின்றது. எஃப் 2 இல் ஒரு செக்கனின் அறுபதில் ஒரு பங்கு நேரம் போதுமாயிருந்த ஓர் அறையில், எஃப் 16 இற்கு ஒரு முழுச் செக்கன் வேண்டும். ஒரு செக்கனுக்குள் குழந்தை தலையைத் திருப்பிவிடும், பெரியவர் மூச்சை விட்டுவிடுவார், முகம் கலைந்துவிடும்.

ஒரு செக்கனுக்கே இந்த நிலையாயின், பத்து நிமிடத்துக்கு எப்படியிருந்திருக்கும்! 1839ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்து டாகுவேர் என்பார் தமது படமெடுக்கும் முறையை உலகறிய வெளியிட்டபோது, அக்காலத்து வில்லைகள் ஏறத்தாழ எஃப் 15 அளவினவாகவே இருந்தன. வீதியையும் கட்டடத்தையும் அவை நன்றாகப் பிடித்தன. ஏனெனிற் கட்டடம் அசைவதில்லை. மனிதனோ வெயிலிற் பல நிமிட நேரம் சிலை போல அமர்ந்திருக்க வேண்டியவனானான். வியன்னாப் பல்கலைக்கழகத்துக் கணிதப் பேராசிரியராகிய யோசப் பெற்ஸ்வால் இக்குறையை எடுத்து ஆராய்ந்தார். வில்லைகளை அரைத்து அரைத்துப் பார்த்து ஊகிக்கும் பழைய வழியை அவர் விட்டொழித்தார். ஒளிக்கதிர் ஒவ்வொன்றும் செல்லும் வழியைக் கணக்கிட்டே வில்லையை அமைக்க முற்பட்டார். அக்கணக்கு ஒருவரால் செய்து முடிக்கக்கூடியதாக இருக்கவில்லை. பீரங்கிக் குண்டு விழும் தூரத்தைக் கணித்துப் பழகிய படைவீரர் சிலர் அவருக்கு உதவியாகத் தரப்பட்டனர். 1840ஆம் ஆண்டில் வொய்க்ட்லாண்டர் என்பவர் அந்த வில்லையைச் செய்து முடித்தார். அதன் அளவு ஏறத்தாழ எஃப் 3.6. முன்னையதினும் பதினைந்து மடங்குக்கு மேல் ஒளி உள்ளே புகுந்தது. பல நிமிடம் ஒரு நிமிடத்துக்குள் அடங்கியது. ஊரூராகப் படம்பிடிக்கும் நிலையங்கள் எழுந்தன. குண்டு எங்கே விழும் என்று கணக்கிட்ட கைகள், ஒரு தாயின் முகத்தில் ஒளி எங்கே விழும் என்று கணக்கிட்டமை எண்ணுந்தோறும் எமக்கு வியப்பளிப்பதாகும்.

எனினும் அது வெயிலை நம்பிய வில்லையே. வீட்டினுள் இருப்பவரை, விளக்கொளியில் இருந்தபடியே பிடிப்பதற்கு மேலும் எண்பது ஆண்டுகள் செல்லவேண்டியிருந்தன. 1924ஆம் ஆண்டில் ஜேர்மனியில் எர்மனொக்ஸ் என்னும் சிறு கமரா வெளிவந்தது. லுட்விக் பேர்ட்டலே என்னும் இளைஞர் அதன் வில்லையை வகுத்தார். எஃப் 2 ஆகத் தொடங்கிப் பின்னர் எஃப் 1.8 வரை அது சென்றது. இக்கமராவைக் கையிலெடுத்தவர்களுள் எரிக் சலமோன் என்பவர் தலைசிறந்தவர். சட்டத்திலே கலாநிதிப் பட்டம் பெற்ற யூத இனத்தவர் அவர். தொப்பியினுள்ளே கமராவை ஒளித்துவைத்து நீதிமன்றத்திற் படம் எடுத்தார். நாடுகளின் தலைவர்கள் நள்ளிரவு வரையும் பேசிக் களைத்து நாற்காலியிற் சாய்ந்திருந்ததையும், சுருட்டுப் புகையிடையே கொட்டாவி விட்டதையும் பளிச்சொளி எதுவுமின்றிப் படமாக்கினார். 1931ஆம் ஆண்டில் பாரிசு நகர விருந்தொன்றில், பிரெஞ்சு அமைச்சர் பிரியாண்ட் அவரைக் கண்டுகொண்டு விரலை நீட்டிச் சுட்டிக் காட்டும் படம் இன்றும் புகழ்பெற்றது. அதுவரையும் தலைவர்கள் மக்களுக்குக் காட்டியது கமராவுக்கென்று அணிந்துகொண்ட முகத்தையே. சலமோன் காட்டியது அவர்கள் அணியாத முகத்தை. அத்தகையவரை நாசிகள் 1944ஆம் ஆண்டில் அவுஷ்விற்ஸ் முகாமிற் கொன்றொழித்தனர். அரை இருளிலும் மனித முகத்தைக் கண்டு பிடித்துத் தந்த ஒருவரை, மனிதரின் முகத்தையே காண மறுத்த கூட்டம் அழித்தது.

விளக்கொளியிற் படம் எடுப்பது ஐரோப்பாவில் ஒரு வித்தையாக இருந்தது. எமது இளமைக் காலத்திலோ அதனைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. 1990ஆம் ஆண்டு நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றுபோயிற்று. அன்று தொடங்கிப் பல ஆண்டுகள், ஜாம் போத்தலுக்குள்ளே சிறிது மண்ணெண்ணெய் ஊற்றிப் பஞ்சுத் திரியிட்ட விளக்கின் முன்னே அமர்ந்துதான் எம் தலைமுறை படித்தது. மண்ணெண்ணெய்க்கும் மின்கலத்துக்கும் தட்டுப்பாடு நிலவிய அந்நாட்களிற் படச்சுருள் என்பது அதனினும் அரிய பொருள். ஆகவே எமது வயதினர் பலரிடம் பிள்ளைப் பருவத்துப் படம் என்று காட்டுவதற்கு ஒன்றிரண்டுக்கு மேல் இராது. சிலரிடம் அதுவும் இராது.

எமது அம்மானிடம் பழைய கமரா ஒன்று இருந்தது. அதன் வில்லை 50 மில்லிமீற்றர், எஃப் 2. 1993ஆம் ஆண்டிலே ஒரு மாலை, உள்ளே எஞ்சியிருந்த கடைசி இரண்டு படங்களுள் ஒன்றை அம்மம்மாவுக்கென்று அவர் ஒதுக்கினார். அம்மம்மா விளக்கின் முன்னே அமர்ந்து திரியைத் தூண்டிக்கொண்டிருந்தார். “அம்மா, அப்பிடியே அசையாமல் இருங்கோ,” என்றார் அம்மான். “விளக்கு அணையப்போகுது, கெதியாய் எடு மோனை,” என்றார் அம்மம்மா. கதவு நிலையிலே கமராவைச் சார்த்தி வைத்து, ஒரு செக்கனிற் காற்பங்கு நேரம் திறந்து மூடினார். கொழும்புக்குச் சென்ற ஒருவர் கையிற் போய், கழுவப்பட்டு, பல மாதங்களின் பின்னர் அப்படம் வீடு வந்து சேர்ந்தது. விளக்கின் பக்கமாயிருந்த ஒரு கண்ணும், மூக்குத்தியும், திரியைப் பிடித்த விரல் நுனியும் தெளிவாயிருந்தன. ஏனையவெல்லாம் இருளோடு கலந்திருந்தன. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் ஓரிரவிலே இடம்பெயர்ந்தபோது, காணி உறுதிகளோடு சேர்த்து அம்மா எடுத்துக்கொண்டது இந்த ஒரு படத்தையே. திருமணப் படங்கள் அடங்கிய பெரிய அல்பம் வீட்டோடு நின்றது. திரும்பிச் சென்றபோது வீடும் இருக்கவில்லை. அம்மம்மாவின் முகம் என்று எமது பிள்ளைகள் இன்று அறிந்திருப்பது அந்தக் காற்செக்கன் ஒளியையே. எஃப் 16 வில்லையாயின் அம்முகமும் எமக்குக் கிட்டியிராது. வேக வில்லையின் அருமையை நாம் உணர்ந்தது இவ்வாறே.

ஆனால், துவாரம் பெருக்கப் பெருக்கப் பிறிதொன்று சுருங்குகின்றது என்பதையும் அப்படமே எமக்குக் கற்பித்தது. வில்லை அகலமாகத் திறக்கும்போது, தெளிவாகத் தெரியும் ஆழம் மெல்லியதாகிவிடும். ஒரு மீற்றர் தூரத்தில் இருப்பவரை 50 மில்லிமீற்றர், எஃப் 1.8 வில்லையால் எடுத்தால், முன்னும் பின்னுமாக ஏறத்தாழ நான்கு சென்ரிமீற்றரே தெளிவாக விழும். கண் தெளிந்தால் காது கலங்கும். ஸ்ரான்லி கூப்ரிக் என்னும் திரைப்பட இயக்குநர் இதன் எல்லையைத் தொட்டுப் பார்த்தவர். அமெரிக்க விண்வெளி நிறுவனத்துக்கென ஸைஸ் நிறுவனத்தார் 1960களிற் செய்த எஃப் 0.7 வில்லைகளுள் மூன்றை அவர் வாங்கினார். 1975ஆம் ஆண்டில் வெளியான ‘பாரி லிண்டன்’ திரைப்படத்தின் சில காட்சிகளை மெழுகுவர்த்தி ஒளியிலேயே எடுத்து முடித்தார். பதினெட்டாம் நூற்றாண்டு மாளிகையின் இரவு உயிரோடு எழுந்து வந்தது. ஆனால் நடிகர்கள் சற்று முன்னே சாய்ந்தாலும் தெளிவு குலைந்துவிடும் நிலை. ஆதலின் அவர்கள் பெரும்பாலும் அசையாது அமர்ந்தே நடிக்கவேண்டியவர் ஆயினர். உலகத்திலே மிக வேகமான வில்லைகளுள் ஒன்று வந்த பின்னரும், முன்னே இருப்பவரின் பொறுமை தேவைப்பட்டது. முன்னொரு காலத்தில் வெயிலிலே சிலையாய் அமர்ந்தவரின் நிலையை இது எமக்கு நினைவூட்டுகின்றது.

ஆகவே அகன்ற வில்லையை வாங்குவோன் ஒளியை மாத்திரம் வாங்குவதில்லை; தேர்ந்தெடுக்கும் பொறுப்பையும் சேர்த்தே வாங்குகின்றான். இத்தனை பேருள் எவருடைய கண் தெளிய வேண்டும் என்று அவனே தீர்மானிக்க வேண்டும். அந்தத் தீர்மானம் கண்ணாடியில் இல்லை. அதனைப் பெரும் படப்பிடிப்பாளரிடத்திலேதான் கற்கவேண்டும். எம்மைக் கவர்ந்தோர் பலருள் மூவரை இங்கே குறிப்பிடுவோம்.

முதல்வர் பிரான்சு நாட்டினராகிய ஹென்றி கார்ட்டியே பிறெசொன். 1908 முதல் 2004 வரை வாழ்ந்தவர். ஒஸ்கார் பர்னாக் என்பார் வகுத்து 1925ஆம் ஆண்டிற் சந்தைக்கு வந்த லெயிக்கா என்னும் கைக்கடக்கமான கமராவும், பெரும்பாலும் ஒரே 50 மில்லிமீற்றர் வில்லையுமே அவரது கருவிகள். 1948ஆம் ஆண்டு ஜனவரி 30ஆந் திகதி பிற்பகலில் அவர் டில்லியில் காந்தியடிகளைச் சந்தித்துப் படம் எடுத்தார். அன்று மாலையே காந்தியடிகள் சுடப்பட்டார். அவரது மரணத்தை நேரு இரவிலே பிர்லா மாளிகை வாயிலில் நின்று மக்களுக்கு அறிவிக்கும் காட்சியைக் கார்ட்டியே பிறெசொன் எடுத்துள்ளார். விளக்கொளி பரந்து, உருவங்கள் கலங்கி, எங்குமே முழுத் தெளிவு இல்லாத படம் அது. வில்லைச் சோதனைக்கு வைத்தால் அது தேறாது. ஆயினும் ஒரு தேசத்தின் கண்கள் கலங்கிய இரவை அதனினும் நன்றாகக் காட்டும் படத்தை நாம் கண்டிலோம். கருவி தோற்கும் இடத்திலும், வரவேண்டிய நேரத்தில் வந்து நின்றவர் தோற்பதில்லை என்பது அவரிடம் நாம் கற்ற பாடம்.

இரண்டாமவர் எமது நாட்டினராகிய லயனல் வென்ட். 1900ஆம் ஆண்டிற் பிறந்து 1944இல் மறைந்தவர். சட்டம் பயின்றவர், பியானோ வாசிப்பதில் வல்லவர், 1943ஆம் ஆண்டில் உருவான ‘43 குழு’ ஓவியர்களுக்கு உற்ற துணையாக நின்றவர். லெயிக்காவைக் கையில் எடுத்துக்கொண்டு வயலையும் மீனவரையும் விகாரைப் படிகளையும் படமாக்கினார். 1938ஆம் ஆண்டில் இலண்டனில் அவருடைய படங்கள் தனிக் கண்காட்சியாக வைக்கப்பட்டன. படம் எடுத்த பின்னர் இருட்டறையிலே அவர் செய்த வேலை எமக்குப் பெருவியப்பைத் தருவது. ஒரு நெகற்றிவிலிருந்து எத்தனையோ வகையாக அச்சிட்டுப் பார்ப்பார். வெளியில் அலைந்த நேரத்திற் குறையாத நேரத்தை உள்ளே செலவிட்டார். அவர் மறைந்த பின்னர் நெகற்றிவுகள் அழிக்கப்பட்டுவிட்டன. அவர் தம் கையால் அச்சிட்டு வைத்த தாள்களே எஞ்சின. 1950ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது படநூலும், கொழும்பு ஏழில் அவர் பெயர் தாங்கி நிற்கும் அரங்கும் இன்று அவரை நினைவூட்டுகின்றன. அச்சிட்ட தாளே எஞ்சும் என்பது இவர் தரும் பாடம். கைத்தொலைபேசியில் ஆயிரக்கணக்கான படங்களை அடைத்துவைத்து, ஒன்றையேனும் தாளிற் காணாத எமது காலத்துக்கு இது மிகவும் பொருந்துவதாகும்.

மூன்றாமவர் ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார். கல்கத்தாவில் 1815ஆம் ஆண்டிற் பிறந்த ஆங்கிலப் பெண்மணி. 1863ஆம் ஆண்டு இறுதியில், தமது நாற்பத்தெட்டாம் வயதில், மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த பெரிய மரக் கமராவைக் கொண்டே அவர் இக்கலையைத் தொடங்கினார். ‘இந்த வயதில் இனி என்ன கற்பது’ என்று எண்ணும் தாய்மார் இதனைக் கவனிப்பார்களாக. கோழிக் கூட்டை அவர் கண்ணாடி மாளிகையாக்கினார். டார்வின், ஹேர்ஷல், ரெனிசன் ஆகிய பேரறிஞரைத் தம் முன்னே பல நிமிடம் அசையாது அமர்த்தி, முகம் ஒன்றையே தட்டு நிறையப் பெரிதாக எடுத்தார். வில்லையைத் திருகித் தெளிவாக்கிக்கொண்டு போகையில், தம் கண்ணுக்கு அழகாகத் தோன்றிய இடத்திலே நிறுத்திக்கொள்வார். மேலும் கூர்மையாக்க முயலமாட்டார். அக்காலத்துப் படப்பிடிப்பாளர் அதனைப் பிழையென்று நகைத்தனர். நகைத்தவர் பெயர்களை இன்று அறிவாரில்லை.

கமரன் அம்மையாரின் கதை இங்கிலாந்தோடு முடிவதன்று. அவருடைய கணவருக்கு எமது நாட்டிலே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875ஆம் ஆண்டில் இருவரும் இலங்கைக்கு வந்து குடியேறினர். 1879ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் அம்மையார் இங்கேயே காலமானார். பொகவந்தலாவையில் மரியன்னை தேவாலய வளவில் அவரது கல்லறை உள்ளது. இலங்கையில் அவர் எடுத்தவற்றுள் சிலவே எஞ்சியுள்ளன. அவற்றிற் காணப்படுவோருட் பெரும்பாலோர் களுத்துறைக் குடியானவரும், தோட்டங்களில் உழைத்த தொழிலாளருமாவர். தோட்டத் தொழிலாளர் என்றால் அக்காலத்திலே தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து நடந்து வந்த நமது இனத்தவரே பெரும்பாலோர். அவர்களை அம்மையார் இழிவாகக் காட்டினாரல்லர். நேராக நோக்கும் கண்களோடும், நிமிர்ந்த தோள்களோடுமே காட்டினார். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. இங்கிலாந்தில் அவர் எடுத்த அறிஞர் ஒவ்வொருவருக்கும் படத்தின் கீழே பெயர் உண்டு. இங்கே எடுத்த குடியானவருக்கும் தொழிலாளருக்கும் பெயர் இல்லை. ‘குடியானவர் கூட்டம்’ என்பதோடு குறிப்பு நின்றுவிடுகின்றது. முகம் நூற்றைம்பது ஆண்டுகளைக் கடந்து தெளிவாக வந்து சேர்ந்துவிட்டது. பெயர் அந்த மலையிலேயே தங்கிவிட்டது. அம்முகத்தைக் கண்டு, ‘இவர் எங்கள் பாட்டனாரின் பாட்டனார்’ என்று கூறக்கூடிய ஒருவர் இன்று ஹற்றனிலோ நுவரெலியாவிலோ இருத்தல் கூடும். ஆனால் அவர் அதனை அறியமாட்டார்.

இதனை எண்ணும்போதெல்லாம் மற்றொரு காட்சி எம் கண்முன் வருகின்றது. 2017ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திற் கிளிநொச்சியில் தொடங்கி வடக்குக் கிழக்கெங்கும் வீதியோரங்களில் அமர்ந்த, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் தம் மடியிற் படங்களை வைத்திருந்தனர். அடையாள அட்டைக்கென எடுத்த தபால்தலை அளவான படத்தைப் பெருப்பித்து, புள்ளி புள்ளியாகக் கலங்கிய முகங்கள் பல. வேக வில்லையுமில்லை, ஒளியமைப்புமில்லை, கலை என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒவ்வொரு படத்தின் கீழேயும் பெயரும் திகதியும் இருந்தன. அந்தப் பெயர் அப்படத்தை ஒரு சாட்சியாக்கிற்று. உலகத்துப் பெரும் படப்பிடிப்பாளர் அனைவரும் கூடி வந்தாலும், ஒரு தாய் எழுதிய அந்தப் பெயருக்கு ஈடான தெளிவைக் கண்ணாடியால் உண்டாக்கல் இயலாது.

இனி, மாணவர் கேட்ட வினாவுக்கு மீள்வோம். எஃப் 1.8 வில்லைக்கும் எஃப் 1.2 வில்லைக்கும் இடையே ஒளியில் இரண்டேகால் மடங்கு வேறுபாடு உண்டு. விலையிலோ பல மடங்கு வேறுபாடு உண்டு, பாரமும் கூடும். பழைய 50 மில்லிமீற்றர், எஃப் 1.8 வில்லை ஒன்று கைக்கெட்டிய விலையில் எவரிடமேனும் கிடைக்குமாயின், அது கற்பதற்குப் போதும். அதுவும் இல்லாதவர் கையில் உள்ள தொலைபேசியையே எடுத்துக்கொள்க. அதன் வில்லையும் எஃப் 1.8 என்று எழுதப்பட்டிருக்கலாம். ஆயினும் குவியத் தூரம் ஏறத்தாழ 6 மில்லிமீற்றரேயாதலால், உண்மைத் துவாரம் மூன்று மில்லிமீற்றரை அடுத்ததே. அக்குறையை நிரப்ப, இரவிலே அது அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்க்கின்றது. ஆதலின் மேசையிலோ கதவு நிலையிலோ சார்த்தி அசையாது பிடித்தால், விலையுயர்ந்த கருவிக்கு வியக்கத்தக்க அளவில் அது அருகே வந்துவிடும். பளிச்சொளியை அணைத்துவிடுக. முகத்தை யன்னல் பக்கமாகவோ விளக்கின் பக்கமாகவோ திருப்பச் சொல்லுக. அருகிலுள்ள கண்ணைத் தெளிவாக்குக. அதற்குமேல், படம் எடுக்கப்படுபவரோடு பத்து நிமிடம் பேசிக்கொண்டிருக்கப் பழகுக. அணிந்த முகம் கழன்று, உரிய முகம் வெளிவருவதற்கு அவ்வளவு நேரமாவது வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தை மிச்சப்படுத்தித் தரும் வேக வில்லை எதுவும் இன்னும் செய்யப்படவில்லை.

குடும்பத்தாருக்குக் கூறுவது ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமையாகிய இன்று, மதியச் சாப்பாடு முடிந்ததும் அலுமாரியிலுள்ள படங்களை எடுத்து முற்றத்து நிழலிலே பரப்புங்கள். பிள்ளைகளை அருகே இருத்துங்கள். வீட்டிலுள்ள மூத்தவரை நடுவில் இருத்தி, ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிக் கேளுங்கள்: இவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு, இந்தச் சேலை யாருக்கு வாங்கியது? அவர் சொல்லச் சொல்ல, மெல்லிய பென்சிலால், அழுத்தாமல், படத்தின் பின்புறத்தே எழுதுங்கள். மையினால் எழுதவேண்டாம், அது காலப்போக்கில் ஊறி மறுபக்கம் வந்துவிடும். தொலைபேசியிற் கிடப்பவற்றுள் ஆண்டுக்குப் பத்தையாவது தெரிந்தெடுத்து அச்சிட்டு, அவற்றின் பின்னும் அவ்வாறே எழுதி வையுங்கள். மூத்தவரின் நினைவும் ஒரு விளக்கே. எண்ணெய் உள்ளபோதே அதன் ஒளியிற் செய்ய வேண்டிய வேலை இது.